வன்னியும் ஆங்கில ஆசிரியப் பயிற்சியும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பிரதேசத்தின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பாடசாலைகளின் வரலாற்றையே எழுதி அமைகின்றனர். எப்பள்ளி எவ்வாண்டிலே தொடங்கப்பெற்றது, அதனைத் தொடங்கியோர் யாவர், அங்குப் பயின்று உயர்நிலை எய்தியோர் யாவர் என்பன விரிவாகப் பேசப்படுகின்றன. ஆனால், அப்பள்ளியிலே கற்பித்தவர் எங்குப் பயிற்றப்பட்டார், எத்தகைய மாணவரை மனத்திற் கொண்டு பயிற்றப்பட்டார் என்ற வினா அருகியே எழுப்பப்படுகின்றது. ஆங்கிலமொழி கற்பித்தலைப் பொறுத்தவரை இவ்வினா மிகவும் இன்றியமையாதது. வன்னிப் பெருநிலப்பரப்பிலே ஆங்கிலக் கல்வி பின்தங்கியிருப்பதற்கு மாணவரின் ஆர்வக் குறைவைக் காரணங் காட்டுவோர் உளர். வரலாறு வேறொரு காரணத்தையும் காட்டுகின்றது. அதனை எடுத்துரைப்பதும், ஆங்கில ஆசிரியராக விரும்பும் மாணவர் தமக்குரிய பயிற்சிநெறியை எவ்வாறு தெரிந்தெடுக்கலாம் என்பதை அவ்வரலாற்றின் துணைகொண்டு நோக்குவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாம்.

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். இலங்கையில் ஆங்கிலம் இரண்டாம் மொழி எனக் கலைத்திட்டம் கூறும். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் அதனை இணைப்பு மொழி எனக் குறித்தது. மொழி கற்பித்தற் றுறையினர் இரண்டாம் மொழியையும் பிறநாட்டு மொழியையும் வேறுபடுத்தி நோக்குவர். வகுப்பறைக்கு வெளியேயும் ஒருவர் கேட்டுப் பேசிப் பயன்கொள்ளும் மொழி இரண்டாம் மொழி. வகுப்பறையோடு நின்றுவிடும் மொழி பிறநாட்டு மொழி. இவ்வளவுகோலால் அளப்பின் கொழும்பின் சில பகுதிகளில் ஆங்கிலம் இரண்டாம் மொழியே. ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ நெடுங்கேணியிலோ அது பிறநாட்டு மொழியாகவே உள்ளது. அங்குள்ள பிள்ளை ஆங்கிலத்தைக் கேட்பது பெரும்பாலும் நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்றில் மட்டுமே. ஒரே பாடநூல், ஒரே பரீட்சை. ஆயினும் இரு வேறு நிலைமைகள். இவ்வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளாத பயிற்சி எதுவும் வன்னிக்கு முழுமையாகப் பயன்பட்டதில்லை.

வட இலங்கையில் ஆங்கிலக் கல்வியின் தொடக்கம் மிசனரிமாரோடு இணைந்தது. 1814 இல் வெசுலியன் மிசனும், 1816 இல் அமெரிக்க மிசனும், 1818 இல் சேர்ச் மிசனும் இலங்கைக்கு வந்தன. 1823 இல் அமெரிக்க மிசனார் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினறி, ஆங்கிலத்தையும் தமிழையும் ஒருங்கே கற்பித்த நிறுவனமாக விளங்கியது. சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் அதன் விளைச்சல்களாவர். பின்னர் மிசன் வட்டாரத்திலிருந்து வெளிவந்த 1842 ஆம் ஆண்டின் மானிப்பாய் அகராதியும், 1862 ஆம் ஆண்டின் வின்சுலோ அகராதியும், தாய்மொழியை விலக்கி வைத்து ஆங்கிலத்தை அணுகும் போக்கு அக்காலத்துக்கு உரியதன்று என்பதைக் காட்டுகின்றன. செமினறி 1855 இல் மூடப்பட்டது. சுதேச மொழியிலே சமயப் பணி ஆற்றுவதே மிசனின் கடமையெனத் தலைமைப்பீடத்தார் கருதியது அதற்கு ஒரு காரணமாயிற்று.

இவையாவும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரலாறு. ஆனையிறவுக்குத் தெற்கே நிலைமை வேறாக இருந்தது. உடைந்த குளங்களும், மலேரியாக் காய்ச்சலும், சிதறிய சிறு குடியிருப்புகளுமாக இருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு வன்னியை, ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் வாயிலாக நாம் அறிகின்றோம். கட்டணஞ் செலுத்தும் மாணவரும் அரசாங்க உத்தியோகத்தை நாடும் குடும்பங்களும் நிறைந்த இடங்களிலேயே ஆங்கிலப் பாடசாலைகள் தழைத்தன. வன்னியின் வேளாண் குடிகள் அவ்விரு தொகுதியிலும் பெரிதும் அடங்கவில்லை. 1905 இல் வடபகுதிப் புகையிரதப் பாதை வன்னியை ஊடறுத்து யாழ்ப்பாணத்தை அடைந்தது. உத்தியோகத்தை நாடி அப்பாதை வழியே தெற்கு நோக்கிச் சென்ற ஆங்கிலங் கற்ற இளைஞர்களுக்கு வன்னி கடந்து செல்லும் காடாக மட்டுமே அமைந்தது எனின் அது மிகையாகாது.

ஆசிரியப் பயிற்சியின் வரலாறும் இதே போக்கினையே காட்டுகின்றது. 1903 இல் கொழும்பிலே அரசாங்க ஆசிரிய கலாசாலை தொடங்கப்பெற்றது. அக்காலக் கல்வி முறை இரு பிரிவினதாக இருந்தது: கட்டணம் பெறும் ஆங்கிலப் பாடசாலைகள் ஒருபுறம், கட்டணமற்ற சுயமொழிப் பாடசாலைகள் மறுபுறம். ஆசிரியரும் இவ்விரு பிரிவுகளுக்குமெனத் தனித்தனியே உருவாக்கப்பட்டனர். கோப்பாயில் மிசனரிமாரும், 1928 முதல் திருநெல்வேலியில் சைவ வித்தியாவிருத்திச் சங்கத்தாரும் நடத்திய கலாசாலைகள் தமிழாசிரியரை உருவாக்கின. கிராமப்புறத் தமிழ்ப் பாடசாலையிலே ஆங்கிலங் கற்பித்தற்கென ஒருவரைப் பயிற்றும் தேவை அன்றைய அமைப்பில் எழவேயில்லை. ஏனெனில், அத்தகைய பாடசாலையில் ஆங்கிலம் கற்பிக்கப்படுவதே அரிதாயிருந்தது.

கன்னங்கராவின் தலைமையிலான விசேட குழு 1943 இல் அறிக்கை சமர்ப்பித்தது. 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. தொடர்ந்து ஆரம்ப வகுப்புகளிலும், 1950களில் இடைநிலை வகுப்புகளிலும், 1960 இல் பல்கலைக்கழகக் கலைப்பீடங்களிலும் சுயமொழிகள் போதனாமொழிகளாயின. இம்மாற்றத்தால் ஆங்கிலம் ஒழிந்துவிட்டதெனக் கூறுதல் வழக்கு. உண்மையில் நிகழ்ந்தது வேறு. முன்னர்ச் சில பாடசாலைகளில் போதனாமொழியாக இருந்த ஆங்கிலம், இப்போது நாட்டிலுள்ள எல்லாப் பாடசாலைகளுக்கும் உரிய ஒரு பாடமாயிற்று. கோட்பாட்டளவில் இது பெருஞ் சமத்துவம். ஆயின், அப்பாடத்தைக் கற்பிக்க ஆயிரக்கணக்கான ஆசிரியர் தேவைப்பட்டனர். மகரகமவிலும் பலாலியிலும் விசேட ஆங்கிலப் பயிற்சி பெற்று வெளியேறியோர் இத்தேவையின் ஒரு பகுதியையே நிறைவு செய்தனர். அவர்களை நகரப் பாடசாலைகள் முதலிலேயே ஈர்த்துக்கொண்டன. இரணைமடு நீரை நம்பிக் காடு வெட்டிக் குடியேறிய மக்களின் பிள்ளைகள் கற்ற பாடசாலைகள், பாடத்தைப் பெற்றன, ஆசிரியரைப் பெறவில்லை.

இதே காலப்பகுதியில் ஆங்கிலங் கற்பித்தல் உலகளாவிய ஒரு தொழிலாக வளர்ந்து வந்தது. அதன் இரு நிகழ்ச்சிகள் நமது பொருளுக்கு நெருங்கியன. 1961 இல் உகண்டாவின் மக்கரேரேயிலே பொதுநலவாய நாடுகளின் மாநாடு ஒன்று நடைபெற்றது. ஆங்கிலத்தை ஆங்கிலத்தின் மூலமே கற்பித்தல் வேண்டும், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே சிறந்த ஆசிரியர் என்பன போன்ற எண்ணங்களுக்கு அம்மாநாடு வலுவூட்டியது என்பர். 1992 இல் மொழி ஏகாதிபத்தியம் பற்றி நூலெழுதிய றொபேட் பிலிப்சன் இவ்வெண்ணங்களைப் போலிக்கொள்கைகள் எனக் கண்டித்தார். மற்றைய நிகழ்ச்சி 1962 இல் லண்டனில் நிகழ்ந்தது. ஜோன் ஹேக்கிராவ்ற் என்பார் குறுகிய கால ஆசிரியப் பயிற்சி நெறி ஒன்றைத் தொடங்கினார். பல்வேறு நாடுகளிலிருந்து வந்த வளர்ந்தோரைச் சிறு குழுக்களாக அமர்த்தி ஆங்கிலங் கற்பிப்போருக்கு அது உரியது. அந்நெறியின் வழித்தோன்றலே இன்று கேம்பிறிட்ஜ் நிறுவனத்தின் சான்றிதழாக, செல்ற்றா என்ற பெயரில் உலகெங்கும் அறியப்படுவது. ஏறத்தாழ நூற்றிருபது மணிநேரப் பாடநெறியும், உண்மையான மாணவர் முன்னிலையில் ஆறு மணிநேரக் கற்பித்தலும் அதன் கூறுகள். நான்கு வாரங்களில் அதனை முடித்துவிடலாம். கற்பிப்பதை ஒருவர் அருகிருந்து நோக்கிக் குறைகளை எடுத்துரைத்தல் அதன் பெருஞ் சிறப்பு. எனினும் அது மனத்திற் கொண்ட வகுப்பறை பன்னிரண்டு முதியோர் வட்டமாக அமர்ந்த வகுப்பறை. தரம் ஆறில் நாற்பது பிள்ளைகள் நெருங்கி அமர்ந்த வகுப்பறை அன்று.

இந்தியத் துணைக்கண்டத்தில் வேறு வகையான முயற்சிகளும் நிகழ்ந்தன. 1958 இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் தோன்றியது. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு பெங்களூரையும் சென்னையையும் சார்ந்த சாதாரண அரசாங்கப் பாடசாலைகளிலே ஒரு பரிசோதனை நடத்தினார். கணக்கு, வரைபடம், கால அட்டவணை போன்றவற்றிலே பிள்ளைகள் தீர்க்கவேண்டிய சிறு பணிகளைக் கொடுத்து, அப்பணியினூடே மொழியைப் பெறச் செய்வதே அதன் நெறி. அதற்குத் தேவைப்பட்டவை கரும்பலகையும் வெண்கட்டியும் மாத்திரமே. பெரிய வகுப்புகளுக்கும் வறிய பாடசாலைகளுக்கும் பொருந்தும் முறைகளை நம்மவரே ஆக்கமுடியும் என்பதற்கு அது சான்று. பிற்காலத்தில் பா. குமாரவடிவேலு, எங்கோ ஆக்கப்பட்ட முறையொன்றை எல்லா வகுப்புகளிலும் பின்பற்றுதல் பொருந்தாது, ஆசிரியர் தம் சூழலினின்றே தம் முறையை உருவாக்கல் வேண்டும் என 1994 இல் எழுதிய கட்டுரையிலே வாதிட்டார்.

இலங்கையிலும் 1980கள் திருப்புமுனையாக அமைந்தன. 1985 இல் தேசிய கல்வி நிறுவகம் சட்டத்தால் நிறுவப்பட்டது. அதே காலத்தில் களுத்துறைப் பகுதியிலே பஸ்துன்ரட்ட கல்வியியற் கல்லூரி ஆங்கில ஆசிரியருக்கென ஆரம்பிக்கப்பட்டது. 1986 ஆம் ஆண்டின் சட்டம் இத்தகைய கல்லூரிகளுக்கு வழிவகுத்தது. இரண்டாண்டு விடுதியிலிருந்து கற்றபின், மூன்றாம் ஆண்டு முழுவதும் பாடசாலையொன்றிலே கட்டுறுபயில்வில் ஈடுபடுதல் இக்கல்லூரிகளின் அமைப்பு. பயிற்சியின் மூன்றிலொரு பங்கு நமது நாட்டின் உண்மையான வகுப்பறையிலே கழிய வேண்டும் என்ற கொள்கை இதனால் நிலைபெற்றது. 1990களில் வவுனியாவிலும் இத்தகைய கல்லூரி அமைந்தமை வன்னியின் கல்வி வரலாற்றிலே பெரிதும் மனங்கொள்ளற்பாலது.

இக்காலத்திற்குரிய ஆய்வு ஒன்றும் இங்குக் குறிப்பிடத்தக்கது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராயிருந்த சுரேஷ் கனகராஜா, கலைப்பீட மாணவர் அமெரிக்கப் பாடநூல் ஒன்றின் வாயிலாக ஆங்கிலங் கற்ற விதத்தை நுணுகி நோக்கினார். நூலின் ஓரங்களில் மாணவர் வரைந்த படங்களையும் எழுதிய குறிப்புகளையும் அவர் ஆராய்ந்தார். அமெரிக்க நகர வாழ்வைச் சித்திரித்த பாடங்களுக்கு அருகே, போர்க்காலத் தமிழ் இளைஞரின் உலகம் தலைகாட்டியது. தமிழைத் தவிர்க்க முயன்ற ஆசிரியர்கூட வகுப்பை நடத்தவும் விளக்கங் கூறவும் தம்மையறியாது தமிழை நாடினர் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். 1999 இல் வெளிவந்த அவரது நூல் இன்று உலகெங்கும் ஆங்கில ஆசிரியர் பயிலும் நூல்களுள் ஒன்று. நமது வகுப்பறை பிறர்க்குப் பாடமாயிற்று. நமது ஆசிரியப் பயிற்சியில் அது பெற்ற இடம் எத்துணை என்பதை நாமே வினவிக்கொள்ளல் வேண்டும்.

போர், பயிற்சியின் பயனை வன்னி அடையாது தடுத்தது. பலாலிப் பிரதேசம் 1990 இன் பின் உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டது. 1995 ஒற்றோபர் இறுதியில் குடாநாட்டு மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, ஆசிரியர் பலரும் வன்னிக்கு வந்தனர். மரநிழல்களிலும் கொட்டில்களிலும் வகுப்புகள் நடந்தன. 1996 இல் அவர்களுட் பலர் குடாநாடு திரும்பினர். அவ்வாண்டிலேயே கிளிநொச்சி நகரம் தன் மக்களை இழந்தது. அதன்பின் பல பாடசாலைகளைத் தாங்கியோர் தொண்டராசிரியர்களே. உயர்தரம் வரை கற்ற இளைஞரும் யுவதியரும், பயிற்சியின்றி, நிரந்தர நியமனமின்றி, தம்மாலியன்றதைக் கற்பித்தனர். நாட்டின் ஏனைய பாகங்களில் 1999 முதல் முதலாந் தரத்திலேயே செயற்பாட்டு வழி வாய்மொழி ஆங்கிலம் அறிமுகஞ் செய்யப்பட்டதும், 2001 முதல் ஆங்கிலவழிக் கல்வி மீண்டும் அனுமதிக்கப்பட்டதும், வன்னி தனிமைப்பட்டிருந்த அவ்வாண்டுகளிலேயே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இக்கட்டுரையாளரின் அனுபவம் ஒன்றை இவ்விடத்துக் கூறுதல் தவறாகாது. 2009 ஆம் ஆண்டிலே செட்டிகுளத்து நலன்புரி முகாமொன்றில், தறப்பாள் கூரையின் கீழேதான் ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்தை அறிந்தவர் இவர். கற்பித்தவர் முகாமிலேயே வாழ்ந்த ஓர் அக்கா. பயிற்சி பெற்ற ஆசிரியரல்லர். கூடாரத்தில் இருந்த பொருள்களையே அவர் பாடமாக்கினார்: வாளி, கயிறு, பாய், தண்ணீர். மீள்குடியேறிய பின் சென்ற கிராமப் பாடசாலையில் மூன்றாண்டுகளுக்கு மேலாக ஆங்கில ஆசிரியர் இல்லை. பின்னர் வந்தவர் முறையாகப் பயிற்றப்பட்டவர், அன்பானவர். வகுப்பில் ஆங்கிலமன்றி வேறெதுவும் பேசலாகாது என்ற நெறியிலே பயிற்றப்பட்டவராதலின், அவர் பேசியது எமக்கு விளங்கவில்லை. நாம் விழித்தமைக்குக் காரணம் அவருக்கு விளங்கவில்லை. அடுத்த ஆண்டு இடமாற்றம் பெற்றுச் சென்றார். அவரைக் குறைகூறுதற்கில்லை. அவர் பயின்றது வேறொரு வகுப்பறைக்கு.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் உண்மை யாது? ஒவ்வொரு பயிற்சிநெறியினுள்ளும் கண்ணுக்குப் புலனாகாத ஒரு வகுப்பறை இருக்கின்றது. நெறியை வகுத்தோர் அவ்வகுப்பறைக்கே ஆசிரியரை ஆக்குகின்றனர். இற்றைவரை வன்னிக்கு வந்து சேர்ந்த பயிற்சிகளுட் பல, வன்னியின் வகுப்பறையைத் தம்முள் கொண்டிருக்கவில்லை. அதனால் அப்பயிற்சி, வன்னியிற் கற்பிப்பதற்கான ஆயத்தமாக அமைவதினும் வன்னியை விட்டு அகல்வதற்கான அனுமதிச் சீட்டாகவே பல சந்தர்ப்பங்களில் அமைந்தது.

இன்று ஆங்கில ஆசிரியராக விரும்புவோர்க்குப் பல வழிகள் உள. க.பொ.த. உயர்தரத்தின் பின் தேசிய கல்வியியற் கல்லூரியில் மூன்றாண்டு டிப்ளோமா. பல்கலைக்கழகப் பட்டத்தின் பின் கல்வியியலிற் பட்டப்பின் டிப்ளோமா. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் ஆங்கிலமும் ஆங்கிலங் கற்பித்தலும் இணைந்த கலைமாணிப் பட்டநெறி. பிரித்தானிய நிறுவனங்களின் குறுகிய காலச் சான்றிதழ்கள். கணினி வழியே விளம்பரப்படுத்தப்படும் எண்ணிறந்த நெறிகள் என அவை விரியும். விளம்பரங்கள் கூறும் மணிக்கணக்கையும் சான்றிதழின் அழகையும் விடுத்து, நாம் நான்கு வினாக்களை எழுப்புதல் நன்று.

முதலாவது, அந்நெறியில் உண்மையான மாணவர் முன் கற்பிக்கும் வாய்ப்பு உண்டா? அதனை அனுபவமிக்க ஒருவர் நேரில் நோக்கித் திருத்துவாரா? இவ்விரண்டும் இல்லாத நெறி, நீந்தல் பற்றிய சொற்பொழிவை ஒத்தது. இரண்டாவது, கற்பிக்கப்போகும் பிள்ளைகளின் வயதும் தொகையும் யாவை? முதியோரின் சிறு குழுவுக்கெனப் பெற்ற பயிற்சியைப் பல்தர வகுப்புக்கு ஏற்ப மாற்றும் பொறுப்பு ஆசிரியர் தலையிலேயே விழும். மூன்றாவது, தமிழைப் பற்றி அந்நெறி என்ன கூறுகின்றது? பெயர்ச்சொல்லின் பின்னே வேற்றுமை உருபை இடும் மொழியைப் பேசும் பிள்ளை, ஆங்கிலத்தின் முன்னிடைச் சொற்களில் ஏன் தடுமாறுகின்றது என்பதை அறிந்த ஆசிரியரே அத்தடுமாற்றத்தைத் தீர்க்க வல்லவர். தமிழைத் தடையாகவன்றி ஏணியாகக் கொள்ளும் நெறியே நமக்கு ஏற்றது. நான்காவது, அச்சான்றிதழை அரசாங்க ஆசிரிய சேவை ஏற்றுக்கொள்கின்றதா? வெளிநாட்டிலே மதிப்புடைய சான்றிதழொன்று இங்கு நியமனம் பெறுதற்குத் தகைமையாகாதிருத்தல் கூடும். நெறியிற் சேருமுன்னரே இதனை உசாவி அறிதல் வேண்டும்.

இவ்வினாக்களால் அளந்து நோக்கின், வன்னியிற் கற்பிக்க எண்ணுவோர்க்குக் கட்டுறுபயில்வோடு கூடிய கல்வியியற் கல்லூரி நெறியும், பட்டத்தோடு இணைந்த கல்வியியல் டிப்ளோமாவும் அடித்தளமாக அமையத்தக்கன. குறுகிய காலச் சான்றிதழ் அவ்வடித்தளத்தின் மேலெழும் மாடியாகலாம், அடித்தளமாகாது. எனினும் கல்வியியற் கல்லூரிகள் குறையற்றனவெனக் கூறுவதற்கில்லை. கட்டுறுபயில்வு வசதியான நகரப் பாடசாலையிலே கழியுமாயின் அதன் நோக்கம் சிதையும். ஆசிரியரின் சொந்த ஆங்கில ஆற்றல் தளர்ந்திருப்பின் எந்நெறியும் அதனை முற்றாக ஈடுசெய்யாது. ஆகவே பயிற்சிக்கு முன்னும் பின்னும் மொழியைத் தாமே வளர்த்துக்கொள்ளும் முயற்சி வேண்டப்படுகின்றது.

இதனை ஏன் இத்துணை வலியுறுத்துகின்றோம்? கிளிநொச்சி அறிவியல் நகரிலே இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியற் பீடங்கள் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அவற்றின் போதனாமொழி ஆங்கிலமே. கல்விக்கூடங்கள் நம் வீட்டு வாயிலுக்கு வந்துவிட்டன. வாயிலைத் திறக்கும் மொழி நம் பிள்ளைகளுக்கு இன்னும் எட்டாதிருக்கின்றது. சிங்களத்தில் ஆங்கிலத்தை ‘கடுவ’, அதாவது வாள், என வழங்குவதுண்டு. அவ்வழக்கை 1984 இல் திரு கந்தையா விரிவாக ஆராய்ந்தார். அவ்வாள் யார் கையில் இருக்கின்றது என்பதை, யார் யாருக்குக் கற்பிக்கின்றனர் என்பதே தீர்மானிக்கின்றது.

யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் விடியற்காலைப் பேருந்தேறி வன்னிப் பாடசாலைகளுக்கு வந்து மாலையில் மீளும் ஆசிரியர்களின் உழைப்பை நாம் நன்றியோடு நினைக்கின்றோம். ஆயினும் கஷ்டப் பிரதேச சேவைக்காலம் முடிந்ததும் அவர்கள் மாற்றம் பெற்றுச் செல்வது இயல்பு. நிலைத்து நிற்கக்கூடியவர் அம்மண்ணிலே பிறந்தவரே. வன்னியிலிருந்து பல்கலைக்கழகங்களுக்கு வந்துள்ள நம் போன்றோர், பயிற்சிநெறியொன்றைத் தெரிந்தெடுக்கும் வேளையில், ‘இது என்னை எங்குக் கொண்டு செல்லும்?’ என வினவுவது நியாயமே. அதனோடு, ‘இது என்னைத் திரும்பி வரத் தகுதியாக்குமா?’ என்ற வினாவையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோளாகும்.